பேர் போன டட்சனை செகண்ட் ஹேண்டில் வாங்குவது எப்படி

போன மாதம் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். வெள்ளை டட்சன் ரெடி-கோ, ஒரு வாழை மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அத்தான், 2018 மாடல், சிங்கிள் ஓனர், இதே வருஷத்து ரெனோ க்விட்டுக்குக் கேக்கிறதைவிட நல்லா கம்மியா சொல்றாங்க. ஆனா கம்பெனியவே மூடிட்டாங்களாமே, நாளைக்கு ஒரு நட்டு போச்சுன்னா எங்க போய் நிக்கிறது?"

ஐந்து வருடமாக ரெடி-கோ ஓட்டுகிறேன், அதனால் குடும்பத்தில் இந்தக் கேள்வி யாருக்கு வந்தாலும் கடைசியில் என் வாசலில்தான் வந்து நிற்கும். அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். டட்சனில் போனது பேர் மட்டும்தான், பானெட்டுக்குள் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரிந்துகொண்டு போனால் நல்ல பேரம். தெரியாமல் போனால் ஒரு ஹெட்லைட்டுக்காக மூன்று மாதம் அலைவீர்கள்.

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. டட்சன் என்ற பேரின் வேர் நூறு வருடத்துக்கு மேல் பழசு. 1914இல் டோக்கியோவில் ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் செய்த காருக்கு, பணம் போட்ட டென், ஆவோயாமா, தகேயுச்சி என்ற மூன்று பேரின் முதலெழுத்துகளைக் கோத்து 'டாட்' என்று பேர் வைத்தார்கள். 1931இல் அதன் குட்டி வந்தது. டாட்டின் மகன் என்பதால் பின்னால் ஆங்கிலத்து 'சன்' சேர்ந்தது. ஆனால் அதை ஜப்பானியர் உச்சரித்தால் அவர்கள் மொழியில் நஷ்டம் என்று பொருள் வருகிறதாம், வியாபாரத்துக்கு ஆகுமா? சூரியனைக் குறிக்கும் 'சன்' ஆக எழுத்தை மாற்றிவிட்டார்கள். தமிழில் எழுதினால் மகனும் சூரியனும் ஒரே சன்தான், நமக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது.

அப்புறம் அது நிசான் கைக்குப் போனது, 1958இல் அமெரிக்காவில் கால் வைத்தது, 510, 240இசட் என்று அங்கே பேரும் வாங்கியது. 1973இல் பெட்ரோல் விலை எகிறியபோது சின்ன ஜப்பான் கார்களுக்கு அமெரிக்காவில் கிராக்கி கூடியதில் டட்சனுக்கும் நல்ல காலம். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் யாரிடமாவது டட்சன் என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்குப் பழைய சன்னி கார்தான் ஞாபகம் வரும். ஆனால் 1981இல் நிசான், உலகம் முழுக்க ஒரே பேர் போதும் என்று முடிவெடுத்து, 1986க்குள் டட்சன் பேரை மொத்தமாக எடுத்துவிட்டது. அது முதல் சாவு.

2012இல் நிசானின் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோஸ்ன், இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா போன்ற நாடுகளில் முதல் கார் வாங்குகிறவர்களுக்காக அந்தப் பேரைத் திரும்ப எழுப்பினார். 2014 மார்ச்சில் கோ வந்தது, ஆரம்ப விலை 3.12 லட்சம். 2015 ஜனவரியில் அதையே பின்னால் இழுத்து, குழந்தைகளுக்கு ஒரு குட்டி மூன்றாம் வரிசை போட்டு கோ பிளஸ். 2016 ஜூனில் 2.38 லட்சத்துக்கு ரெடி-கோ. எல்லாம் நம் ஒரகடத்தில், ரெனோவும் நிசானும் சேர்ந்து நடத்திய ஆலையில் செய்தவை. இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020இல் கடையைக் கட்டினார்கள், இங்கே 2022 ஏப்ரலில் ரெடி-கோ உற்பத்தியை நிறுத்தியதாக அறிவித்தார்கள். சர்வீஸும் பார்ட்ஸும் வாரன்டியும் தொடரும் என்று அப்போதே நிசான் சொல்லிவிட்டது. இன்றைக்கும் டட்சனை விடுவது நிசான் சர்வீஸ் சென்டரில்தான்.

இதில் நமக்கு வேண்டிய வரி 'ரெனோவும் நிசானும் சேர்ந்து' என்பது. ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளத்தில், ஒரே ஆலையில் செய்த அண்ணன் தம்பி. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். கோவும் கோ பிளஸும் நிசான் மைக்ரா வழியில் வந்தவை, அந்த 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினும் மைக்ராவின் பெட்ரோல் எஞ்சின்தான், கொஞ்சம் அடக்கி 68 குதிரைசக்திக்கு வைத்தது. ஆக, பார்ட்ஸ் கடையில் போய் "டட்சன் ரெடி-கோவுக்கு ஆயில் ஃபில்டர் இருக்கா" என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார், "க்விட் 1.0" என்று கேட்டால் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார். பார்ட் நம்பரை ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது எதை வாங்குவது என்று பார்ப்போம்.

என்னைக் கேட்டால் ரெடி-கோ 1.0, கண்ணை மூடிக்கொண்டு. 2016இல் முதலில் வந்தது 0.8 லிட்டர், 54 குதிரைசக்தி. அது ஊருக்குள் போதும், ஆனால் நாலு பேர் ஏறி ஏசியும் போட்டு ஒரு மேம்பாலம் ஏறினால் வண்டி உங்களிடம் அனுமதி கேட்கும். 2017 ஜூலையில் வந்த 1.0இல் 68 குதிரைசக்தி, அந்த வித்தியாசம் காலில் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு: க்விட்டிலேயே 0.8ஐ 2023இல் நிறுத்திவிட்டார்கள், 1.0 அதற்குப் பிறகும் விற்பனையில் இருந்தது. எந்த எஞ்சினுக்கு நாளைக்கும் பார்ட்ஸ் வரும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2018 ஜனவரியில் வந்த ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றுவது, டிராஃபிக்கில் இடது காலுக்கு ஓய்வு, சரி. ஆனால் கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும், ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் மட்டும் எடுங்கள்.

கோ பெரிய கார், உள்ளே இடம் தாராளம், எஞ்சின் நல்ல இழுவை. 2014இல் வந்ததில் முன் சீட் இரண்டும் ஒட்டிக்கொண்டு பெஞ்சு மாதிரி இருக்கும், கியர் டேஷ்போர்டிலிருந்து கிளம்பும், ஹேண்ட் பிரேக் பழைய அம்பாசடர் மாதிரி இழுக்கிற கைப்பிடி, முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். ஸ்டீரியோ கிடையாது, போனை மாட்ட ஒரு தாங்கி மட்டும் கொடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது ஒன்று உண்டு, அதைப் பூசி மெழுக மாட்டேன். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத கோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சோதித்ததில் பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்ஜியம் ஸ்டார். ஏர்பேக் இல்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை, காரின் கூடே நிலைகுலைகிறது என்று சொன்னார்கள், இந்தியாவில் விற்பனையிலிருந்தே திரும்பப் பெறச் சொல்லி அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, கோஸ்னுக்குக் கடிதம் எழுதினார். 2019இல் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் உள்ள ரெடி-கோவைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார், குழந்தைகளுக்கு இரண்டு. கோவில் 2018 அக்டோபர் ஃபேஸ்லிஃப்டில்தான் இரண்டு ஏர்பேக்கும், பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியன்டிலும் வந்தன. ஆகவே கோ வாங்குவதென்றால் அதற்குப் பிந்தியது மட்டும். ரெடி-கோ என்றால் ஊருக்குள்ளே, பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் வரை. வாரா வாரம் குடும்பத்தோடு ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் தாண்டிப் போகிறவர் நீங்கள் என்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு வேறு கார் தேடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் என் வண்டியை நெடுஞ்சாலையில் 80க்கு மேல் விடுவதில்லை. பின்னால் வருகிற பஸ் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

சரி, வண்டி பார்க்கப் போகிறீர்கள். எல்லோரும் நேராக பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். டட்சனில் அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் வெளியே ஒரு சுற்று, நிதானமாக. ஹெட்லைட், டெயில் லைட், பம்பர், கதவுகள், முன்கண்ணாடி, கிரில். இவைதான் டட்சனுக்கென்றே செய்தவை, க்விட்டிலிருந்தோ மைக்ராவிலிருந்தோ எடுத்துப் பொருத்த முடியாது. எஞ்சினில் ஒரு சென்சார் போயிருந்தால் அது ஒரு நாள் வேலை. ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் போய் மங்கியிருந்தால், பம்பரின் ஒரு காது உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தால், அதைப் பேரத்தில் பெரிய தொகையாகவே கழியுங்கள். தகடும் மெல்லிசு, கதவை மூடினாலே தெரியும், பக்கத்தில் நிறுத்திய பைக்கின் ஹேண்டில்பார் பட்டாலே குழி விழும். குழி அழகுப் பிரச்சினை, விட்டுவிடலாம். ஆனால் கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சுண்டுவிரல் போகவில்லை என்றால் எங்கேயோ அடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி. ஏற்கெனவே பலவீனமான கூடு, அடிபட்டுத் தட்டி எடுத்ததை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது வெள்ளம். சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பதிவெண் என்றால் இது கட்டாயம், 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் யாருக்கும் மறந்திருக்காது. நான் முதன்முதலில் பார்க்கப் போன வண்டி பளபளவென்று இருந்தது. புரோக்கர் பெட்ரோல் பங்க் தண்ணியைக்கூடப் பார்க்காத வண்டி என்கிற ரேஞ்சில் பேசினார். கூட வந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் பின் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். வரும் வரைக்கும், சுருள் முழுவதும் தீர்ந்து டக்கென்று நிற்கும் வரைக்கும். கடைசி ஒரு முழம் நாடாவில் செம்மண் நிறத்தில் குறுக்காக ஒரு கோடு, அதற்குக் கீழே உள்ளது முழுக்கக் கறை. சீட் கவர் புதுசு, மேட் புதுசு, வாசனைக்குத் தொங்கவிட்ட டப்பா புதுசு, சீட் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அவர் பெல்ட்டை விட்டார், அது தானாகச் சுருண்டு உள்ளே போனது, "டீ குடிக்கலாமா சார்" என்றார். அப்படியே வந்துவிட்டோம். அன்றிலிருந்து யார் வண்டி பார்க்கப் போனாலும் நான்கு பெல்ட்டையும் முழுசாக இழுப்பது என் பழக்கம். சீட்டை முன்னே தள்ளி, அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியையும்.

எஞ்சினைக் காலையில், குளிர்ந்து கிடக்கும்போது பாருங்கள். நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் ஸ்டீரிங்கிலும் கியர் ராடிலும் ஒரு நடுக்கம் இருக்கத்தான் செய்யும், அது நோய் இல்லை, சுபாவம். ஆனால் நடுக்கம் டேஷ்போர்டு வரை வந்து கடகடவென்று பேசினால் எஞ்சின் மவுன்ட் தேய்ந்திருக்கிறது, அதைப் பேரத்தில் சேருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் விடாதீர்கள். 2016 மே வரை செய்த 0.8 ரெடி-கோ சிலவற்றை எரிபொருள் குழாய் சரிபார்ப்புக்காக ரீகால் செய்தார்கள், அந்தக் காலத்து வண்டி என்றால் சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள். இப்போது பங்க்கில் வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023க்கு முந்திய வண்டிகளை மனதில் வைத்து வந்ததில்லை என்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களைத் தொட்டு, வளைத்துப் பார்ப்பது நல்லது, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், சின்னச் செலவு.

ஓட்டிப் பார்க்கும்போது ஏசியைப் போட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு மோசமான ரோட்டில் விடுங்கள். ரெடி-கோவுக்கு 185 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் எதற்கும் அடி தட்டாது, ஓனர்கள் எல்லோரும் ஒரே குரலில் பாராட்டுவது இதைத்தான். முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ், பயப்பட வேண்டாம். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் உள்ளே வரும், அதற்கு மருந்து கிடையாது. ஸ்டீரிங் லேசு, யு-டர்ன் அடிக்கச் சுகம், மைலேஜ் நன்றாகவே கொடுக்கும். என் வண்டி சென்னை டிராஃபிக்கில் 16, 17, கொஞ்சம் வெளியே போனால் 20ஐத் தொடும், கம்பெனி அறிவித்த கணக்கை மனதில் வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள். டேங்க் 28 லிட்டர்தான், அடிக்கடி பங்க்குக்குப் போகிற மாதிரி ஒரு உணர்வு இருக்கும்.

கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் பிளேட் முடியப் போகிறது. என் வண்டியில் நாற்பதாயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றினேன், அதற்கு வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, சிக்னலில் எல்லாம் பாதி கிளட்ச்சில் நிற்பது என் புத்தி. மெக்கானிக் பழைய பிளேட்டை மேஜையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் என் இடது காலைப் பார்த்தார்.

வண்டியோடு இரண்டு சாவியும் வாங்குங்கள். இம்மொபிலைசர் உள்ள சாவி, தெருமுனைக் கடையில் வெட்டித் தரும் சாவியில் ஸ்டார்ட் ஆகாது, இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னால் புதுச் சாவிக்கான செலவைக் கழியுங்கள். ரெடி-கோ சக்கரத்துக்கு மூன்றே நட்டு என்பதால் அலாய் வீல் கனவு இருந்தால் மூட்டை கட்டி வைத்துவிடலாம், கடையில் இருக்கும் அலாய் பெரும்பாலும் நான்கு நட்டுக்குத்தான்.

பேப்பர் வேலை எந்தக் காருக்கும் போலத்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், லோன் இருக்கிறதா, சலான் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். லோன் இருந்தால், அது முடிந்ததைக் காட்டும் பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கி ஆர்டிஓவில் பேர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், வாங்கியவருக்கு 30 நாள்தான் கணக்கு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்றவர் பேரில் பாலிசி ஓடிக்கொண்டிருந்து இடையில் எதாவது ஆனால், வண்டிக்கான கிளைம் கையில் வருவது கஷ்டம். கிலோமீட்டர் உண்மையா என்று தெரிய, ஓனரையே கூட அழைத்துக்கொண்டு நிசான் சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். வர மறுக்கிற ஓனரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

விலைக்கு ஒரு வழி. அதே வருடம், அதே கிலோமீட்டர், அதே எஞ்சின் க்விட் உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று நான்கைந்து இடத்தில் பாருங்கள். டட்சனை அதைவிடத் தெளிவாகக் குறைவாகத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் விற்கும்போது உங்களிடமும் ஒருவர் "கம்பெனியே மூடிட்டாங்களே சார்" என்று ஆரம்பிப்பார். க்விட் விலையே கேட்டால் க்விட்டையே வாங்கிவிடலாமே, எதற்குச் சுற்றி வளைத்து?

வாங்கிய பிறகு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது ஆயில் சர்வீஸ். கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். ஒரகடம் ஆலையிலிருந்த நிசானின் பங்கை ரெனோவே வாங்கிக்கொள்வது என்று 2025இல் முடிவாகிவிட்டது, க்விட் குடும்பத்துப் பார்ட்ஸைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பாடி பார்ட்ஸ்தான் யோசனை. புது ஹெட்லைட்டை ஆர்டர் கொடுத்தால் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை என்றால் பழைய பார்ட்ஸ் கடைகள்தான் கதி, சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம். போகும்போது உடைந்த பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். 2020 மே மாதத்துக்குப் பிறகு வந்த ரெடி-கோவின் முகம் வேறு, முந்தியதன் விளக்கு இதற்குப் பொருந்தாது, வாயால் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மச்சினன் அந்த வெள்ளை வண்டியை எடுத்துவிட்டான். பெல்ட் நான்கையும் இழுத்துப் பார்த்தோம், சுத்தம். இடது ஹெட்லைட்டில் மட்டும் ஒரு நீள விரிசல், அதைக் காட்டிக் காட்டியே விலையை இறக்கினோம். புதுப்பேட்டையில் முதல் சனிக்கிழமை கிடைக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமை ஒரு கடைக்காரர் மாடிக்குப் போய், சிவப்புப் பெயின்ட் ஒட்டிய ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, தூசியைக் கைலியில் துடைத்துவிட்டு, எங்கள் உடைந்த விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று காதும் ஒத்துப்போனது.